மறைத்தல் வேறு, மூழ்கவிடுதல் வேறு

ஆபாசக் காணொளிப் பழக்கத்தில் சிக்கிய இளைஞன் நம்மிடையே யாரிடம் செல்வான்? இச்சையோடு நோக்குவதையே விபசாரமாகக் கருதுகிறது மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம். அத்தனை கண்டிப்பிலும், தூத்துக்குடியின் கத்தோலிக்க இளைஞனுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. கேட்டதை வெளியிடக் கூடாதெனக் கட்டுண்ட குருவானவர் ஒருவரின் செவி இருக்கிறது.

தவ்பா அல்லாஹ்விடம் மட்டுமே; அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பாவத்தை வெளிப்படுத்தாதே என்னும் நபிமொழியைக் காட்டி, உதவி கேட்பவனின் வாயை அடைப்பது எவ்வகை நியாயம்? இரவில் அல்லாஹ் மறைத்ததைக் காலையில் தானே பறைசாற்றித் திரிபவனையன்றோ அது கண்டிக்கிறது! மருத்துவரிடம் நோயுரைப்பவனை அன்று.

பெண்களின் பர்தா பற்றிய பயான்களுக்குக் கணக்கில்லை. அந்நூர் அத்தியாயமோ பார்வையைத் தாழ்த்துமாறு 30ஆம் வசனத்தில் ஆண்களுக்கே முதலில் கட்டளையிடுகிறது.

தடை போதும் என்பாரும் உளர். 2018இல் மத்திய அரசு 827 தளங்களை முடக்க உத்தரவிட்டது. பயன் என்னவென்று கைப்பேசி வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள்.

இக்கடலில் பரதவரும் முஸ்லிம்களும் முத்துக் குளித்தனர். மூச்சடக்கி இறங்குபவனின் கயிற்றைத் தோணியில் ஒருவன் பிடித்திருப்பான், அசைந்ததும் இழுப்பான். ஏன் இத்தனை நேரம் கீழே இருந்தாய் என்று அப்போது எவனும் விசாரித்துக் கொண்டிருப்பதில்லை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இரகசியம் காக்கும் ஆலிம் ஒருவரும் மனநல மருத்துவர் ஒருவரும் இதற்கென வேண்டும். பேசியவனின் திருமணப் பேச்சு அதனால் முறியாது என்ற உறுதியும் வேண்டும். வரும் ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதைக் கேளுங்கள்.