கார்பரேட்டர் மேல் பழி போடாதீர்கள்

பழைய ஆம்னி வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் இந்த வசனத்தைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்: "கார்பரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்." ஐடிலில் நடுங்கினாலும் அதே தீர்ப்பு, மேட்டில் இழுக்காவிட்டாலும் அதே தீர்ப்பு. நாடி பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் இந்த வைத்தியத்துக்கு நாம் ஏன் தலையாட்ட வேண்டும்?

1984-ல் மாருதி வேனாக வந்த வண்டி இது. 796 சி.சி., 3 சிலிண்டர். கார்பரேட்டர் வைத்த எஞ்சினுக்குள் காற்று அந்த வழியாகத்தான் போக வேண்டும். சூட்டில் வெடித்த ரப்பர் குழாய் வழியே திருட்டுக் காற்று புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து ஐடில் தடுமாறும். கார்பரேட்டர் பாவம், என்ன செய்யும்? என் வண்டிக்கு ஒரு பட்டறையில் புது கார்பரேட்டரே போட்டார்கள். நடுக்கம் போகவில்லை. வேறொருவர் கண்டுபிடித்தார்: விரல் நீளக் குழாய் ஒன்றில் வெடிப்பு!

முறை ஒன்றும் ரகசியமில்லை. எஞ்சின் ஓடும்போது வாக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடியுங்கள். நடுக்கம் அடங்கினால் திருடன் அங்கேதான். அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பிடிப்பு நிற்கவில்லை என்றால் குழாயிலோ டயாஃப்ரத்திலோ ஓட்டை. அது இருந்தால் மைலேஜ் குறையும்.

இவை சரியான பிறகே டைமிங் லைட். அந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் குறியைப் பார்க்க வேண்டும். டைமிங் பின்தங்கினால் இழுவை குறையும், சூடு ஏறும். முந்தினால் மேட்டில் 'டக டக' என்று தட்டும். விட்டுவைத்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

"காதே போதும் சார்" என்பவர்களோடுதான் என் சண்டை. கசிவை அடைக்காமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறவர், ஒரு கோளாறை இன்னொன்றால் மூடி அனுப்புகிறார். வாக்குவம் கேஜ் அப்படி ஏமாறாது. நல்ல எஞ்சின் ஐடிலில் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாது. அசையாமல் கீழே நின்றால் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங். சீராகத் துள்ளினால் வால்வைச் சந்தேகிக்கலாம். 1000 அடி உயரத்துக்குச் சுமார் 1 அங்குலம் குறையும். ஊட்டிக்காரர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கார்பரேட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. அதைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன். அரை மணி நேர வேலைக்குச் சோம்பி ஆயிரக்கணக்கில் பில் போடுவது தொழில் இல்லை; அதுவும் பென்ஷன் பணத்தில். அடுத்த முறை அந்த வசனம் வந்தால், "கேஜ் என்ன காட்டியது தம்பி?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.