அம்மா கூட உட்காரட்டும்

"சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் அம்மாவும் கூட வந்து உட்காரட்டும்." அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் தாயிடம் இப்படிச் சொல்வது கருணையாம். பந்தலூர்த் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கு அந்தக் கருணையின் விலை ஒரு நாள் கூலி. தினமும் உட்கார்ந்தால் வேலையே போய்விடும். அப்பாவை வரச்சொல்லி யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? நம் கவிதைகளில் தாய்மைக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடமும் அதைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாடின்றிச் சேர்க்கச் சொல்கிறது. 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி என்கிறது. கூடவே தாயையும் அனுப்பு என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை. சிறப்பாசிரியர்–மாணவர் விகிதத்தை வரையறுக்கும்படி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அதன்பின் மத்திய அரசு கணக்கே போட்டுக் கொடுத்தது: தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இங்கோ, வட்டார வள மையத்திலிருந்து தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றுபவர்தான் சிறப்பாசிரியர்.

அரசு நிரப்பாத இடத்தைத் தாய் நிரப்புகிறாள், பயிற்சியும் சம்பளமும் இல்லாமல்.

இனி யாராவது அப்படிச் சொன்னால், சொன்னதை எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதித்தர மாட்டார்கள். தந்தால், சட்டத்தின் 16ஆம் பிரிவைச் சுட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள்.