பூங்கா கடலில், பிழை வயலில்

பின்லாந்தின் தென்மேற்கே, துர்க்கு நகரத்துக்கும் ஓலண்டு தீவுகளுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பாறைத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இந்தத் தீவுக்கடலில் சுமார் 500 சதுர கிலோமீட்டரை 1983இல் தேசியப் பூங்காவாக்கினார்கள்.

பெருங்கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். இங்கே 6 கிராம்தான். வேறு கடல்களில் விரல் நீளம் வளரும் நீல மட்டி, இங்கே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகி நின்றுவிடுகிறது. உப்பு போதாமல் ஏற்கெனவே திணறும் உயிர்கள் இவை. இன்னொரு சுமையை அவற்றின் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் ஏற்றிவிட்டோம்.

சுமை வருவது பாஸ்பரஸ் வடிவில். கரையோரக் களிமண் வயல்களில் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய உரம் மண்ணில் தேங்கி, இலையுதிர்கால மழையிலும் பனி உருகலிலும் ஆறுகள் வழியே கடலில் சேர்கிறது. அதைத் தின்று பெருகும் நூல்பாசி, மீன்குஞ்சுகள் ஒளியும் பழுப்புக் கடற்பாசியை மூடி மூச்சுமுட்ட வைக்கிறது. கோடையில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் நச்சுப்பாசி மிதக்கிறது. பறவைகள் முட்டையிடும் தீவில் படகு ஒதுங்கினால் பூங்காக் காவலர் தடுக்கலாம். ஆற்றோடு வரும் உரத்தை யார் தடுப்பது?

பூங்கா வீண் என்று சொல்லவில்லை. ஆனால் வெண்வால் கழுகின் கதையைப் பாருங்கள். 1970களில் அழிவின் விளிம்பில் இருந்த அந்தப் பறவை மீண்டதற்கு டிடிடி, பிசிபி நச்சுகளுக்கு விழுந்த தடையும், குளிர்காலத்தில் ஆர்வலர்கள் வைத்த இறைச்சியும் முக்கியக் காரணங்கள். எல்லைக்கோடு போட்டதால் மட்டும் வந்த மீட்சி அல்ல அது.

கடலுக்கும் அப்படியொரு மருந்து வயலில்தான் கிடைத்திருக்கிறது: ஜிப்சம். நிலக்கடலைக்கு நம்மவர்கள் போடும் அதே ஜிப்சம்தான். ஹெக்டேருக்கு 4 டன் தூவினால் களிமண் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பாஸ்பரஸ் வயலிலேயே தங்குகிறது. 2016இல் சவியோக்கி ஆற்றுப்படுகையில் சுமார் 1,500 ஹெக்டேரில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது கசிவு ஏறத்தாழப் பாதியானது. அந்த ஜிப்சமே பாஸ்பேட் உர ஆலையின் கழிவு என்பது வேடிக்கை. கரைந்து வரும் சல்பேட்டைக் கடல் தாங்கும், ஏரி தாங்காது. அதனால் ஏரிக்கு வடியும் நிலங்களில் போடுவதில்லை.

பூங்காவுக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கையாவது அரசு அந்த வயல்களுக்குத் தொடர்ந்து ஒதுக்க வேண்டும். ஒருமுறை தூவிய ஜிப்சம் சுமார் ஐந்து ஆண்டுகள்தான் வேலை செய்யும்.