குளியலறையில் மின்சாரம்

பண்டாரவளையிலிருந்து ஒரு சகோதரியார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். குளிர் தாங்க மாட்டாத முதியோர் வீட்டிலிருப்பதால், குளியலறைச் சுவரிலே சுடுநீர் தரும் மின்கருவியொன்றைப் பூட்டியிருக்கின்றனர். சில வாரங்களாக அதைத் திறந்து சற்று நேரத்துக்குள் 'ட்ரிப் சுவிச்' விழுந்து வீடு முழுவதும் இருண்டு போகிறதாம். பார்க்க வந்த வேலையாளோ, "இந்த ட்ரிப் சுவிச் தான் தொல்லை, அதைத் தவிர்த்து நேரே இணைத்துவிட்டால் பிறகு விழாது" என்கிறாராம். அவ்வாறு செய்யலாமா என்பது சகோதரியாரின் வினா.

செய்யவே கூடாது. இதனை வாசித்து முடிக்கும்வரை காத்திராது, அந்தக் கருவியின் சுவிச்சை இப்பொழுதே அணைத்துவிடும்படி வேண்டுகிறோம். முதியோருக்கு அடுப்பிலே சுடவைத்த தண்ணீர் சில நாட்களுக்குப் போதும்.

நம் முன்னோர் கிணற்றடியிலே குளித்தனர். அங்கே வழுக்கி விழும் அபாயம் இருந்ததேயன்றி மின்சார அபாயம் இருக்கவில்லை. இன்று குளியலறை வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. அதன் பின்னாலேயே விளக்கு, சுடுநீர்க் கருவி, சில வீடுகளிற் சலவை இயந்திரம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மனிதன் உடல் முழுவதும் நனைந்து, செருப்பில்லாத காலுடன் ஈரச் சீமெந்தில் நிற்கும் இடம் வீட்டிலே அது ஒன்றுதான். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். நனைந்த தோலோ அதற்கு வழிவிட்டு விடும். நனைந்த உடலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொண்டால், நம் நாட்டு 230 வோல்ட் மின்சாரம் அதனூடாக 230 மில்லி அம்பியர் அளவிற் பாயும். பழைய 60 வாட் குமிழ் விளக்கு எடுக்கும் மின்சாரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு விளக்குக்குரிய மின்சாரந்தானே என்று எண்ணலாகாது. இதயத்தின் துடிப்பைக் குழப்புவதற்கு அதில் ஒரு பகுதியே போதுமானது.

"ஃபியூஸ் இருக்கிறதே, அது உருகிவிடாதா?" என்று கேட்பார் பலர். ஃபியூஸ் கம்பியைக் காக்க வந்ததேயன்றி மனிதரைக் காக்க வந்ததன்று. 4,000 வாட் சுடுநீர்க் கருவி 17 அம்பியருக்கு மேல் எடுக்கும். அதனைத் தாங்கும் ஃபியூசுக்கு, மனித உடலினூடாகப் போகும் கால் அம்பியர் யானை வாய்க்குச் சோளப்பொரி போன்றது. அது அசையவும் மாட்டாது.

ட்ரிப் சுவிச்சின் தொழில் வேறு. ஒரு கம்பி வழியாகப் போன மின்சாரம் மற்றக் கம்பி வழியாக முழுவதும் திரும்பி வந்ததா என்று அது கணமும் ஓயாது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கணக்கில் 30 மில்லி அம்பியர் குறைந்தாற் போதும்; எங்கோ, யாரோ ஒருவர் ஊடாகவோ ஈரச்சுவர் ஊடாகவோ நிலத்துக்குக் கசிகிறது என்று கண்டு, ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பிலே இந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்றிருத்தல் வேண்டும். 300 என்றிருப்பது தீயைத் தடுக்க உதவுமேயன்றி ஆளைக் காக்க உதவாது.

நம் நாட்டு வீடுகளுக்கு இது இன்னும் அவசியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 'எர்த்' கம்பி பெரும்பாலும் நம் வளவிலேயே நிலத்தில் அடித்த ஒரு கோலிற் போய் முடிகிறது. அக்கோலுக்கும் மண்ணுக்குமிடையிலான தடை 20 ஓம் என்றாலும், பழுதுபட்ட கருவியிலிருந்து ஏறத்தாழ 11 அம்பியரே நிலத்துக்குப் போகும். கோடையில் மண் வரண்டால் அதுவும் குறையும். ஃபியூஸ் உருகாது, கருவியின் உலோகப் பாகங்களும் அதனோடு தொடர்புள்ள குழாயும் மின்னேறியபடியே இருக்கும். இந்நிலையில் ட்ரிப் சுவிச்சையும் நீக்கிவிட்டால் அடுத்து அதனைத் தொடுபவர் யாரென்பதே எஞ்சியிருக்கும் கேள்வி.

ஆகவே சகோதரியார் வீட்டில் சுவிச் விழுவது தொல்லையன்று, முறைப்பாடு. பெரும்பாலும் கருவிக்குள்ளே சூடேறும் சுருளின் உறை வெடித்து நீர் புகுந்திருக்கும். அல்லது இணைப்பிலே ஈரம் ஏறியிருக்கும். (யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரிலே சுருளின்மேற் காரை படிந்து அது விரைவிற் கெடுவதுமுண்டு.) சான்றிதழ் பெற்ற மின்வேலையாளர் ஒருவரைக் கொண்டு, கருவியைத் தனியே பிரித்து அளந்து பார்ப்பித்தல் வேண்டும். 'எர்த்' கோலின் தடையையும் அப்பொழுதே அளக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிச்சில் 'T' என்றொரு பொத்தான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அதை அழுத்தி, சுவிச் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். விழாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். ஆனால் அப்பொத்தான் சுவிச்சை மட்டுமே சோதிக்கிறது. 'எர்த்' கம்பி அறுந்து கிடந்தாலும் அது அறியாது.

புதிதாகக் கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் பீச்சும் இடத்திலிருந்து இரண்டடிக்குள், ஏழரை அடி உயரம்வரை, சாதாரண சுவிச்சோ பிளக் பொயின்ட்டோ வைத்தலாகாது. பிரித்தானிய விதிகள் பிளக் பொயின்ட்டுக்கு இரண்டரை மீற்றர் தூரம் கேட்கின்றன. நம்மவர் குளியலறை பெரும்பாலும் அவ்வளவு நீளமே இராது. ஆதலால் உள்ளே பிளக் பொயின்ட் வேண்டாம் என்பதே நம் துணிபு. சுடுநீர்க் கருவிக்கு இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிச்சைக் கதவுக்கு வெளியே வையுங்கள். வாளித் தண்ணீரில் மின்சுருளைத் தொங்கவிட்டுவிட்டு, சூடேறிற்றா என்று விரலை விட்டுப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. நாம் அறிந்தவற்றுள் இதைவிடத் துணிச்சலான சமையல் வேறில்லை. கைத்தொலைபேசியை மின்னேற்றியபடி குளியலறைக்குக் கொண்டுபோகும் பிள்ளைகளையும் தடுத்தல் வேண்டும்.

ஒருவர் மின்சாரத்தில் அகப்பட்டுக் கிடந்தால், பதறி ஓடிச்சென்று அவரைத் தொட்டுவிடாதீர்கள். முதலில் பிரதான சுவிச்சை அணைத்து, பின்னரே அணுகுங்கள். மூச்சில்லையாயின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைத்து, அது வரும்வரை நெஞ்சின் நடுவை இரு கைகளாலும் வலுவாக, விடாது அழுத்திக்கொண்டிருங்கள். மின்தாக்கியவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்பின் பிசகு வெளியே தெரியாமலும் இருக்கலாம்.