புகை போகும் வழி

பளையிலே, தென்னங்காணி ஒன்றின் நடுவில் எழும்பிக்கொண்டிருக்கும் புதுவீட்டைக் காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. வீட்டுக்குரிய அம்மையார் எழுபதைத் தாண்டியவர். கனடாவிலுள்ள மகன் குசினிக்கென்று ஒரு படம் அனுப்பியிருந்தார். பளபளக்கும் கருங்கல் மேடை, வாயு அடுப்பு, சுவர் நீளத்துக்கு அலுமாரி எல்லாம் அதில் இருந்தன. விறகடுப்பு மாத்திரம் இல்லை.

படத்தை நெடுநேரம் பார்த்த அம்மையார், "தம்பி, இதிலை புகை எங்காலை போறது?" என்று மேசனைக் கேட்டார்.

"புகையே வராதம்மா."

"அப்ப, இந்த விறகெல்லாம்?"

மேசன் வாய்திறக்கவில்லை. காணியெங்கும் மட்டையும் பாளையும் சிரட்டையும் பொச்சும் குவிந்து கிடந்தன.

இது கிழவியாரின் வெறும் பழமைப்பற்று என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. 2022-இல் எரிவாயுச் சிலிண்டருக்காக நம் நாட்டவர் நாட்கணக்காய் வரிசையில் நின்றனர். அடுப்படியை இடித்து அழகுபார்த்த வீடுகளே அன்று முற்றத்தில் மூன்று கல் தேடின.

நவீன அடுக்களைக்கு முன்னோடி என்று கூறப்படுவது, 1926-இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வகுத்தது. சமைப்பவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டு, புகையிரத உணவு வண்டியின் சமையலறையை மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலத்தில் அவர் அதை அமைத்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளுக்கு அது போயிற்று. அந்தக் கணக்கை நாமும் கற்கலாம். அகலத்தை மட்டும் கடன்வாங்க வேண்டாம். அது ஒருத்தி தனியே நின்று சமைக்கும் அறை. நம் குசினியிலோ தேங்காய் திருவ ஒருவர், பிட்டுக்கு மாக்குழைக்க ஒருவர், நடுவில் பாடப்புத்தகத்தோடு ஒரு பிள்ளை!

மகனின் படத்தில் குசினி வடகிழக்கே, கிணற்றோரமாக இருந்தது. தண்ணீருக்கு வசதிதான். ஆனால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் மாதங்களில் புகை முழுவதும் வீட்டுக்குள்ளேதான் புகும். முன்னோர் சொன்ன அக்கினி மூலை தென்கிழக்கு. அங்கே அடுப்பெரிந்தால், வாடைக்காற்று புகையைத் தென்மேற்கே தள்ளும். சோளகம் அதை வடகிழக்கே கொண்டுபோகும். வடமேற்கில் நிற்கும் வீட்டுக்கு இரண்டாலும் தொல்லையில்லை. மாணவர்கள் ஒரு தாளில் கோடிழுத்துப் பார்க்கட்டும்.

புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே இரண்டடியேனும் உயர வேண்டும். விறகுப்புகை நுரையீரலைக் கெடுப்பது. பாட்டிமார் இருமியதையும் பாரம்பரியமென்று காக்கத் தேவையில்லை. அதன் கீழே, ஒரே நெருப்பில் இரண்டு பானை ஏறும் 'அனகி' மண்ணடுப்பு போதும். மூன்று கல் அடுப்பைவிட விறகு மிச்சம். வாயு அடுப்பும் மறுபக்கத்தில் இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்.

மேடையின் உயரத்தைப் படத்திலிருந்து எடுப்பது பெருந்தவறு. சமைப்பவர் நின்று கையை மடித்தால், முழங்கைக்கு நாலைந்து விரல் கீழே மேடை வர வேண்டும். அரைப்பதற்கு உடற்பாரம் இறங்க வேண்டுமாதலால், அம்மிக்குரிய மேடை அதிலும் ஒரு சாண் தாழ இருத்தல் நலம். அம்மியைத் தரையில் போட்டு முழங்காலை வருத்துவானேன்?

அம்மி என்றதும் அம்மையார் நம்மைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். 2000-ஆம் ஆண்டுப் போரில் அவர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். போர் முடிந்து திரும்பியபோது கூரையில்லை, கதவில்லை, உரலுமில்லை. அம்மி மட்டும் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்ததாம். குழவியை மகளின் பிள்ளைகள் பற்றைக்குள் தேடி எடுத்தார்களாம்.

அன்றிரவே மகனோடு தொலைபேசியில் பேச்சு நடந்தது. கருங்கல் மேடையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குசினி தென்கிழக்குக்கு மாறுவதற்குச் சம்மதித்தார். புகைபோக்கிக்கு எத்தனை கல் வேண்டுமென்று மேசன் மறுநாட்காலை எண்ணிக்கொண்டிருந்தார். அம்மையார் அவருக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தார், முற்றத்து மூன்று கல்லில்.