நட்சத்திர தோஷமா? புத்தியின் தோஷமா?

மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதென்று, பேரிகையானாலும் பட்டணமானாலும், கல்யாணத்தை நிறுத்தும் புத்திசாலிகளை ஒன்று கேட்கிறோம். அல்கால் என்னும் நட்சத்திரம் 68 மணி 49 நிமிஷத்திற்கொருமுறை மங்குகிறது. அராபியர் அதைப் பேயின் தலை என்றனர். காது கேளாத வாலிபர் குட்ரிக் பரிகாரமா செய்தார்? இரவெல்லாம் விழித்துக் கணக்கெழுதினார். 1783இல், வேறொரு கோளம் குறுக்கே வந்து மறைக்கலாமென்றார். ஜெர்மனியின் ஃபோகல் 1889இல், அங்கே இரு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுவதை ஒளியைப் பிரித்துப் பார்த்து மெய்ப்பித்தார். பேய் போயிற்று, அவ்வகை இரட்டைகளுக்கு இன்று அல்கால் வகை என்றே பெயர்.

நம் சென்னை வானாராய்ச்சி நிலையத்திலும் ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டுபிடித்தார். தூரதரிசினியால் கண்டாரேயன்றி ஜாதகத்தாலல்ல.

பெற்றோர்களே! நட்சத்திரம் மங்குவதற்குக் காரணம் இன்னொரு நட்சத்திரம். உங்கள் பெண்ணின் வாழ்வு மங்குவதற்குக் காரணம் யார்? தட்சிணை வாங்கியவனா, கொடுத்த நீங்களா?