எத்தனால் பெட்ரோலும் சிறு யந்திரங்களும்

பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் 2030-ம் வருஷத்தில் நிறைவேற வேண்டுமென்று முதலில் வகுக்கப்பட்டது. பின்னர் அது துரிதப்படுத்தப்பட்டு, 2025-லேயே அந்த விகிதம் எட்டிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடித்த சரக்கை எரித்து, அந்நிய எண்ணெய்க்குக் கொடுக்கும் பொருளை மிச்சப்படுத்துவது நல்ல காரியமே. அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் மோட்டார் வண்டிகளையே மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாட்டின் பாரம், படகோட்டி தலையிலும், மருந்து தெளிக்கும் குடியானவன் முதுகிலும் விழுவதைச் சர்க்கார் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

எத்தனாலின் சுபாவம் நீரை ஈர்ப்பது. கலவை ஓரளவு நீரைத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டாங்கியின் அடியில் தங்க, பெட்ரோல் பிரிந்து மேலே நிற்கும். காற்றிலுள்ள ஈரம் மட்டுமே இதை எளிதில் செய்துவிடாது. ஆனால் காற்றுத் துவாரமுள்ள படகு டாங்கியில் அலைத்துளியும் மழைநீரும் புகுவது என்ன அபூர்வமா? எஞ்சினுக்கு உறிஞ்சும் குழாயோ அடியில்தான் இருக்கிறது! டூ-ஸ்ட்ரோக் எஞ்சினானால் ஆபத்து இரட்டிப்பு. பெட்ரோலில் கலந்த ஆயிலே அதன் மசகு. அந்த ஆயில் பெட்ரோலோடு மேலே நின்றுவிட, அடிக்கலவையை உறிஞ்சும் பிஸ்டன் மசகின்றி உராய்ந்து இறுகிப்போகும். இது தவிர, எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வுகளும் உப்பிக் கெடுகின்றன. எத்தனாலின் வெப்பசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. புதிய கார்களின் கருவி புகையை அளந்து கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சாலையில் கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். கரை மறைந்த தூரத்தில் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது?

அமெரிக்கா எத்தனால் விஷயத்தில் பின்வாங்கிய தேசமல்ல. அங்கே 15 சதவிகிதக் கலவையை 2010, 2011 வருஷங்களில் அனுமதித்தபோது, 2001-ம் வருஷத்திய மாதிரியும் அதற்குப் பிந்தியவையுமான கார்களுக்கும் அவை போன்ற சிறு வண்டிகளுக்கும் மட்டுமே அனுமதித்தார்கள். படகு, மோட்டார் சைக்கிள், புல்வெட்டி முதலிய சிறு யந்திரங்களுக்கு அதை ஊற்றலாகாதென்று சட்டம் செய்து, விற்கும் பம்பிலேயே எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவும் உத்தரவிட்டார்கள். பதினைந்துக்கே அங்கு இவ்வளவு ஜாக்கிரதை!

நம் தேசத்திலும் நிபுணர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக 10 சதவிகிதக் கலவையையும் கூடவே விற்றுவர வேண்டுமென்று சொல்லிற்று. இருபதை அவசரமாக ஏற்றுக்கொண்ட சர்க்கார் இந்தப் பத்தை ஏன் மறந்தது? எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்க வழிசெய்யக் கோரிய மனுவை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஆகவே பரிகாரத்தைச் சர்க்காரிடமே கேட்டாக வேண்டும். நாம் கேட்பது அதிகமில்லை. மீன்பிடி துறைமுகங்களை அடுத்த பங்குகளிலாவது ஒரு பம்பு பழைய கலவைக்கென்று ஒதுக்கப்படட்டும். எந்தப் பம்பில் எத்தனை சதவிகிதம் என்பது தமிழில், கண்ணில் படும்படி எழுதப்படட்டும். மீனவர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும், கெட்டுப்போன எஞ்சின்களின் ரிப்பேர் ரசீதுகளோடு இதை ஜில்லா கலெக்டர்களிடம் எழுத்து மூலம் கொடுப்பது நலம்.